ஒரு ஜிபி இடத்துக்காக நான் அழித்த போல்டர்

1. மஞ்சள் பலூன்

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் இருந்தவர்களுக்கு அந்த மஞ்சள் பலூனைத் தெரியும். திரையின் வலது மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் எழும்பி, டிஸ்கில் இடம் குறைந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் சொல்லும். மூடினால் சற்று நேரத்தில் மறுபடியும் வரும். வாடிக்கையாளர்கள் அதை ஈ விரட்டுகிற மாதிரி விரட்டிக்கொண்டே மாதக்கணக்கில் வேலை செய்வார்கள். ஒருநாள் அப்டேட் போடப் போகும்போது இடம் போதாமல் பாதியில் நின்றுவிடும். அப்போதுதான் எங்களுக்குப் போன் வரும்.

நான் இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். கண்டியில் ஹார்ட்வெயார் கோர்ஸ் முடித்துவிட்டு மாத்தளை டவுனில் ஒரு ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். நான்கு பேர் வேலை செய்த கடையில் நான் ஒருத்திதான் பெண். பையைத் தூக்கிக்கொண்டு ஓர் ஒபிஸுக்குப் போய் நின்றால், "வேற ஆள் வரல்லியா?" என்று என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அதற்கு வாயால் பதில் சொல்வதில்லை, கைவேகத்தால் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். மற்றவர்கள் அரை நாள் எடுக்கிற வேலையை ஒரு மணித்தியாலத்தில் முடிப்பேன். அதில் எனக்குத் தலைக்கனம் இருந்தது. இப்போது ஒத்துக்கொள்வதில் என்ன?

டிஸ்கில் இடம் எடுப்பதற்கு எங்கள் எல்லோருக்கும் ஒரு வரிசை இருந்தது. முதலில் டெம்ப் போல்டர், ரிசைக்கிள் பின், இன்டர்நெட் பார்த்துச் சேர்ந்த குப்பை. அதிலும் போதவில்லையென்றால் விண்டோஸ் போல்டருக்குள் போவோம். ஒவ்வொரு அப்டேட்டும், பிறகு ஒருநாள் தன்னைக் கழற்ற நேர்ந்தால் உதவும் என்று, பழைய பைல்களை ஒரு போல்டரில் போட்டு வைத்துவிட்டுப் போகும். டொலர் குறியில் ஆரம்பித்து, வாயில் நுழையாத எழுத்தும் எண்ணுமாக நீளும் பெயர்கள். சுருக்கி வைத்த போல்டர்கள் என்பதால் அந்தப் பெயர்கள் நீல நிறத்தில் தெரியும். சில மெஷின்களில் நூறுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தெரிவு செய்து, ஷிப்டை அழுத்திக்கொண்டு டிலீட் அடிப்போம். ஷிப்டோடு அழித்தால் ரிசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராகவே போய்விடும். அவற்றைத் தேடி ஒரு வாடிக்கையாளரும் வந்ததில்லை.

2. ஃபாரூக் நானாவின் மெஷின்

போர் முடிவதற்கு முந்திய வருடம் அது. பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஃபாரூக் நானா ஒரு கொம்யூனிகேஷன் கடை நடத்தி வந்தார். போன், போட்டோ கொப்பி, ஸ்கேன், மூன்று மொழியிலும் கடிதம் டைப் செய்வது எல்லாம் அங்கே நடக்கும். அடையாள அட்டை விண்ணப்பம், கிராம சேவகருக்குக் கடிதம் என்று எதுவானாலும் தோட்டத்து ஆட்கள் அவரிடம்தான் போவார்கள். அவர் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, தாளை வாசித்து, விளங்கப்படுத்தி அனுப்புவார்.

அந்த வருடங்களில் இன்னொரு வகை வேலையும் அவருக்கு நிறைய வந்தது. கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்த எங்கள் பையன்களைச் சோதனைச் சாவடியிலோ சுற்றிவளைப்பிலோ பிடித்துவிடுவார்கள். இவன் மாத்தளைக்காரன், இன்ன தோட்டத்தில் பிறந்தவன் என்று காட்டத் தாள்கள் வேண்டும். காட்டினால் விடுவார்கள். காட்ட முடியாவிட்டால் தடுப்பு முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள், பிறகு எப்போது வெளியே வருவான் என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தாள்களைச் சிங்களத்தில் ஒழுங்காகத் தயாரித்துக் கொடுப்பதில் ஃபாரூக் நானாவை மிஞ்ச டவுனில் ஆள் இல்லை.

அவருடைய மெஷினில் சிங்கள யுனிகோட் எழுத்து சரியாக வரவில்லை. பென் டிரைவ் வைரஸ் தொல்லை வேறு. இரண்டுக்கும் சர்வீஸ் பேக் என்கிற பெரிய அப்டேட்டைப் போட வேண்டும். போடப் போனால் இடமில்லை என்று நின்றுவிடுகிறது. ஒருநாள் காலை எட்டரை மணிக்கு சர்வீஸ் பேக் சிடியோடு என்னை அனுப்பினார்கள். "ஒரு மணித்தியாலத்துக்கு மேல போனா மெஷின இங்க தூக்கிட்டு வா" என்றார் எங்கள் முதலாளி. தூக்கிக்கொண்டு போவது எனக்கு மானப் பிரச்சினை.

நான் போனபோது ஃபாரூக் நானா கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, கிளம்பிக்கொண்டிருந்தார். "தங்கச்சி, டைப் பண்ணினது எல்லாம் D-யில ஈக்கி. அதுல மட்டும் கை வைக்க வேணாம். மத்தது ஒங்கட இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

C டிரைவ் மிகவும் சின்னது. மிச்சம் இருந்தது இருநூறு எம்பிக்கும் குறைவு. சர்வீஸ் பேக்குக்கு ஒரு ஜிபிக்கு மேல் வேண்டும். குப்பைகளைக் கூட்டி அள்ளியும் பாதிக்குக்கூட வரவில்லை. ஆகவே மறைந்திருக்கும் போல்டர்களைக் காட்டச் சொல்லிவிட்டு விண்டோஸ் போல்டருக்குள் போனேன். நீல எழுத்தில் வரிசையாகக் கிடந்தன. நடுவில் ஒன்று மட்டும் கறுப்பு எழுத்தில் இருந்தது. பெயர் மற்றவற்றைப் போலவே டொலரில் ஆரம்பித்தது, நிறம்தான் வேறு. பார்த்தேன். பார்த்ததோடு சரி. எல்லாவற்றையும் சேர்த்து ஷிப்ட் டிலீட் அடித்தேன்.

அழிந்து முடிந்ததும் இடத்தைப் பார்த்தால் நான் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம் கிடைத்திருந்தது. ஏன் இவ்வளவு என்று கேட்டிருக்க வேண்டியவள், கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டு சிடியைப் போட்டேன். சர்வீஸ் பேக் ஓட ஆரம்பித்தது.

3. பத்து மணி பஸ்

ஒன்பதேகால் போல ஓர் அக்கா கடைக்கு வந்தார். பெயர் பார்வதி. இரத்தோட்டை பஸ்ஸில் இறங்கி நேரே வந்திருந்தார். நல்ல சேலை, கையில் ஒரு துணிப்பை, பைக்குள் மாற்றுடுப்பு. எங்கள் பக்கத்து ஆள் என்று தெரிந்ததும் பேச ஆரம்பித்தார்.

மகன் சிவகுமார் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறான். அடையாள அட்டை இன்னும் வரவில்லை. மூன்று நாளைக்கு முன் சுற்றிவளைப்பில் பிடித்து ஒரு ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். அசலை அவன் வேலைக்குச் சேர்த்துவிட்ட தரகரிடம் கொடுத்திருந்தான், அந்த ஆளைக் காணவில்லை. இன்று மாலை நான்கு மணிக்குள் கொப்பியாவது வந்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் அடுத்த நாள் காலை முகாமுக்கு அனுப்பும் லிஸ்டில் பெயர் போகும் என்று அவன் வேலை செய்யும் கடையின் முதலாளி போனில் சொல்லியிருக்கிறார். கிராம சேவகரின் கடிதம் பைக்குள் இருந்தது. அடையாள அட்டைக்கு எழுதிய நேரம் ஃபாரூக் நானா சான்றிதழை மெஷினில் படம் எடுத்து வைத்தது அவருக்கு ஞாபகம்.

"ஒரு தாள் அடிச்சிக் குடுத்தா போதும் புள்ள. பத்து மணி பஸ்ஸப் புடிச்சா ரெண்டர, மூணுக்குப் போயிருவேன்" என்றார்.

நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். D டிரைவில் எல்லாம் பத்திரமாக இருக்கிறது, நானா வந்ததும் எடுத்துக் கொடுப்பார் என்றேன்.

ஃபாரூக் நானா ஒன்பதரைக்கு வந்தார். பார்வதியக்காவைக் கண்டதும் விசயம் விளங்கிவிட்டது. சர்வீஸ் பேக் ஓடிக்கொண்டிருந்தாலும் ஒரு பிரின்ட் எடுக்கலாம் என்று நான் எழுந்து இடம் விட்டேன். அவர் D டிரைவுக்குப் போகவில்லை. C-யைத் திறந்தார். விண்டோஸைத் திறந்தார். மேலும் கீழுமாகத் தேடினார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்.

"தங்கச்சி, இதுக்குள்ள டொலர் போட்ட பேர் கொஞ்சம் இருந்திச்சே. எங்க?"

அந்தக் கறுப்பு எழுத்து அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது.

முதலில் செய்த காரியத்தை இன்றும் சரியென்றுதான் சொல்வேன். சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினேன். அழித்த பைல் உடனே அழிந்துவிடுவதில்லை. அது இருந்த இடம் காலி என்று மட்டும்தான் டிஸ்க் குறித்துக்கொள்ளும். அதன்மேல் வேறு ஏதாவது எழுதப்பட்டால்தான் உண்மையில் போகும். நான் போட்ட சர்வீஸ் பேக் அந்த நிமிடம்வரை அந்தக் காலி இடத்தில்தான் எழுதிக்கொண்டிருந்தது. கென்சல் கொடுத்தால் திரும்பக் கழற்றுகிறேன் என்று இன்னும் எழுதும். ஆகவே பிளக்.

இரண்டாவது செய்ததுதான் பிழை. பார்வதியக்கா எழுந்து நின்று, "என்னா புள்ள?" என்று கேட்டார். "ஹார்ட் டிஸ்க்குல கோளாறுக்கா. கழட்டிட்டுப் போயி பாக்கணும்" என்றேன்.

எங்கள் தொழிலில் அதைவிட வசதியான பொய் கிடையாது. டிஸ்க் என்பது வாய் திறந்து பேசாத சாமான். எந்தப் பழியையும் அதன் தலையில் கட்டலாம். வாடிக்கையாளரும் விதி என்று எடுத்துக்கொள்வார்.

4. பட்டை விழுந்த படம்

டிஸ்கைக் கழற்றிக்கொண்டு எங்கள் கடைக்கு ஓடினேன். நானாவும் பார்வதியக்காவும் பின்னால் வந்தார்கள். என்னுடைய மெஷினில் ஸ்லேவாக, அதாவது இரண்டாவது டிஸ்க்காக, மாட்டி, அழிந்ததைத் தேடும் புரோகிராமை ஓடவிட்டேன். அது அங்குலம் அங்குலமாக ஊர்ந்தது. பார்வதியக்கா வாசலில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். பத்து மணியானபோது கொழும்பு பஸ் எங்கள் கடையைக் கடந்து போனது. அவர் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபாரூக் நானா என் பக்கத்தில் நின்றார். அவரிடம் பொய் சொல்ல முடியவில்லை. நான்தான் அழித்தேன், உங்கள் போல்டர் என்று தெரியாது என்று தாழ்ந்த குரலில் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"எனக்கும் பிழை ஈக்கி" என்றார். "போன வருசம் பொலிஸ்ல இருந்து ரெண்டு பேர் வந்து மெஷினத் திறந்து பார்த்தாங்க. தமிழ்ப் பொடியன்மார்ட பேரும் பிறந்த திகதியும் எதுக்கு இவ்வளவு சேர்த்து வச்சீக்கீங்கன்னு கேட்டாங்க. அதுக்குப் பிறகு பயம். அழிக்கவும் மனசு வரல்ல. அந்த டொலர் பேரைப் பார்த்து அதே மாதிரி ஒண்டு வச்சேன். ஒரு மனிசனும் திறக்க மாட்டான்னு நினச்சேன்."

திறக்கவில்லைதான். நான் திறந்தும் பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், மீட்கக்கூடிய பைல்களின் லிஸ்ட் வந்தது. அறுபது எழுபது படங்கள். ஒவ்வொன்றும் ஆளின் பெயரும் தோட்டத்தின் பெயருமாக இருந்தது. நானா எல்லாவற்றையும் பிட்மெப்பாகவே, அதாவது சுருக்காத படமாகவே, ஸ்கேன் செய்திருந்தார். ஒரு தாளுக்கு இருபது எம்பிக்கு மேல். டிஸ்க் நிறைந்ததற்கே அதுதான் காரணம். ஆனால் பிட்மெப்பில் ஒரு நன்மை உண்டு. நடுவில் கொஞ்சம் கெட்டுப்போனால் அந்த இடம் மட்டும் பட்டையாகத் தெரியும், மற்ற இடம் அப்படியே இருக்கும். சுருக்கி வைக்கும் ஜேபெக்காக இருந்திருந்தால் கெட்ட இடத்துக்குப் பிறகு எதுவும் மிஞ்சியிராது.

சிவகுமாரின் படத்தைத் திறந்தேன். மேலே மாவட்டத்தின் பெயரும் பதிவு இலக்கமும் பதிவு செய்த திகதியும் தெளிவாக இருந்தன. அதற்குக் கீழே நான்கு விரல் அகலத்துக்குப் பல நிறப் புள்ளிகளால் ஆன ஒரு பட்டை. பிள்ளையின் பெயரும் பிறந்த திகதியும் தகப்பன் பெயரும் அந்தப் பட்டைக்குள் போய்விட்டன. அதன்மேல் என் சர்வீஸ் பேக் எழுதியிருந்தது. கீழே பதிவாளரின் கையெழுத்து நன்றாகத் தெரிந்தது.

பெயர் இல்லாத சான்றிதழைக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவது? எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஃபாரூக் நானாதான் திரையில் விரலை வைத்து, "நம்பர் ஈக்கி, போதும்" என்றார். கச்சேரியில் இலக்கமும் திகதியும் இல்லாமல் போனால் பதிவுப் புத்தகங்களைப் புரட்டவே நாட்கள் ஆகும். எங்கள் ஆட்களுக்கு வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, தோட்டத்து ஒபிஸில் எழுதிய பெயர் இன்னொன்று. பெயரைச் சொல்லித் தேடினால் கிடைக்காது. இலக்கம் இருந்தால் அன்றைக்கே உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம்.

இருவரும் இலக்கத்தோடு கச்சேரிக்குப் போனார்கள். நானாவுக்கு அங்கே எல்லோரையும் தெரியும். அப்படியிருந்தும் பகல் சாப்பாட்டு நேரம் தாண்டி, கையெழுத்து வைப்பவர் வந்து, சீல் வைத்து, தாள் கைக்கு வரும்போது இரண்டரை. பார்வதியக்கா மூன்று மணி பஸ்ஸில் ஏறினார். ஏறும்போது என் கையைப் பிடித்து, "நீ நல்லா இருக்கணும்" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

அன்று மாலை மீட்ட படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். பெரும்பாலானவை முழுசாகக் கிடைத்தன. ஒன்பது படங்கள் பட்டை விழுந்து வந்தன. இரண்டு வரவே இல்லை. யார் யாருடையவை என்று நானா எழுதிவைத்து, அடுத்தடுத்த வாரங்களில் ஆள் அனுப்பி அசலை மறுபடி வாங்கி ஸ்கேன் செய்தார். இந்த முறை ஜேபெக்காக, இரண்டு சிடியில். ஒன்று அவருடைய வீட்டில் இருந்தது.

5. மிளகு

பார்வதியக்கா இரண்டு வாரம் கழித்து எங்கள் கடைக்கு வந்தார். மகனை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். எனக்கென்று பிளாஸ்டிக் பையில் கட்டிய மிளகுப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார், அவருடைய வீட்டுக் கொடியில் காய்த்தது. அதை என் கையில் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னார்.

பஸ்ஸை வழியில் மூன்று இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள். அவர் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரும்போது எட்டு மணியாகிவிட்டது. காலையில் வா என்று சொல்லிவிட்டார்கள். மகனுடைய கடை முதலாளி வீட்டில் படுத்துவிட்டு விடிந்ததும் போய்ச் சீல் வைத்த தாளைக் காட்டினார். லிஸ்டில் இருந்து பெயரை வெட்டி, பத்து மணிபோல விட்டுவிட்டார்கள்.

"அவனுக்கு இடது காது கேக்குதில்ல" என்றார். "நாலு நாளும் ஒருத்தரும் தொடல்லியாம். கடைசி ராத்திரிதான் அடிச்சிருக்காங்க." பிறகு என் கையைத் தட்டி, "ஒன்னால ஆளு கெடச்சிச்சி. அது போதும்" என்றார்.

மிளகைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். அப்படியே விட்டிருந்தால் காலம் முழுவதும் அந்தக் குடும்பத்துக்கு நான் நல்லவள். முதலாளி உள்ளே இருந்தார். மற்ற மூன்று பேரும் இருந்தார்கள்.

"அக்கா, அன்னைக்கு டிஸ்க் பழுதாகல்ல. நாந்தான் அழிச்சேன்" என்றேன்.

அவர் "தெரியாமதான?" என்று கேட்டார்.

"பாத்தேன்கா. வித்தியாசமா இருந்திச்சி. என்னான்னு கேக்காம அழிச்சிட்டேன்."

"பத்து மணி பஸ்ஸுல போயிருந்தா அந்த ராத்திரி அவன் உள்ளுக்கு இருந்திருக்க மாட்டான்" என்றார். கோபப்பட்டுச் சொல்லவில்லை. அவருக்கு அப்போதுதான் அது விளங்கியிருந்தது. நான் மிளகுப் பொட்டலத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். வேலையைவிட்டு நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன். "இனிமே இங்கருந்து போற ஒருத்தரும் கஸ்டமர் பக்கத்துல இல்லாம ஒண்டும் அழிக்கக் கூடாது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அவ்வளவுதான்.

இப்போது எனக்குச் சொந்தக் கடை இருக்கிறது. வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இடம் போதாத மெஷினில் முதலில் எதையும் அழிக்காதீர்கள். எது இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள், மெஷின்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள், வெளியே ஒரு கொப்பி எடுத்துவிட்டு அழியுங்கள். ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். பிழை நடந்துவிட்டால் பிளக்கைப் பிடுங்குங்கள், டிஸ்க்கின் மேல் பழியைப் போடாதீர்கள். மெதுவான ஆள் என்று பெயர் வந்தால் வரட்டும். எனக்கு அந்தப் பெயர் இப்போது டவுன் முழுக்க இருக்கிறது.

சிவகுமார் இரத்தோட்டையில் திரீவீல் ஆட்டோ ஓட்டுகிறார். பிள்ளையின் பள்ளிக்கூட வேலையைப் பிரின்ட் எடுக்க மாதத்துக்கு ஒரு தடவையாவது என் கடைக்கு வருவார். அம்மா அவரிடம் சொன்னாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்டதில்லை. அவர் வந்தால் நான் நாற்காலியை விட்டு எழுந்து, சுற்றிப்போய் அவருடைய வலது பக்கம் நின்றுதான் பேசுவேன்.